பித்தளைக் கூட்டின் ‘பல்ஜ்’, ‘ஃபயர் ஃபார்மிங்’: சொல் தேவை

வணக்கம். தோட்டாக்களை மறுபடி நிரப்பிச் சுடுபவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். ரைஃபிளில் தோட்டா அமரும் வெடியறை, தோட்டாவின் கூட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால், சுடும்போது எழும் அழுத்தத்தில் பித்தளைக் கூடு விரிந்து அறையின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். வேண்டுமென்றே இப்படிச் செய்வதுதான் ஃபயர் ஃபார்மிங். அதில் சில கூடுகள் உப்பிக் கெட்டுப்போகின்றன, அது பல்ஜ். சுட்டுருவாக்கல், வீக்கம் என்று எழுதியிருக்கிறேன். சரியா?

---

> சுட்டுருவாக்கல்

இது வேண்டாம். சுட்டு என்றதும் ‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்றுதான் ஓடும். உருவாக்கல் என்றால் இல்லாததை உண்டாக்குவது, இங்கே கூடு முன்பே இருக்கிறது. வடிவேற்றல் போதும். வீக்கத்தைப் பணத்துக்கும் காலுக்கும் விட்டுவிட்டுப் புடைப்பு என்று எழுதுங்கள். புடை என்றால் பக்கம், ‘புடைசூழ’ வந்தான் என்கிறோமே. பக்கவாட்டில் தள்ளி நிற்பது புடைப்பு. முறத்தில் புடைப்பதும் இதே வேரா என்று நெடுநாளாக யோசிக்கிறேன், தானியம் ஒரு பக்கமாக ஒதுங்குவதால் இருக்கலாம், அப்படியானால் தோள் புடைப்பதையும்...

---

அம்மா, முறம் இருக்கட்டும். தோட்டா வெளியிலிருந்து வந்த சொல், அதை முதலில் மாற்றுவோம். வெடிக்கூடு என்றால் யாருக்குப் புரியாது? சுடு என்ற வினையையும் விடக்கூடாது. ‘சுடச்சுடரும் பொன்போல்’ என்றார் வள்ளுவர். நெருப்பில் இடுவதும் துப்பாக்கியால் சுடுவதும் நமக்கு ஒரே சொல், இப்படி அமைவது அரிது.

---

ஐயா, அந்த ஒரே சொல்தான் இங்கே ஆபத்து. நான் கடைசல் வேலை செய்பவன். கூட்டை விரிப்பது சூடு இல்லை, அழுத்தம். விரிசல் விடாமலிருக்கக் கூட்டின் கழுத்தை, அதாவது குண்டைப் பிடிக்கும் குறுகிய பகுதியை மட்டும் தனியாக நெருப்பில் காட்டி இளக்குவார்கள், அடிப்பகுதி கெட்டியாகவே இருக்க வேண்டும். இரண்டையும் சுடுதல் என்று எழுதினால் படிப்பவர் அடியையும் காய்ச்சிவிடுவார், அப்புறம் அது அழுத்தத்தைத் தாங்காது.

புடைப்பு எனக்குச் சம்மதம், ஆனால் கண்ட கோளாறுக்கெல்லாம் அதைப் போடாதீர்கள். அகலமான அறையில் கூடு கீழ்ப்பக்கமாகப் படுத்துக் கிடக்கும், அதனால் ஒரு பக்கம் மட்டும் உப்பும், இது புடைப்பு. அடிக்குச் சற்று மேலே சுற்றிலும் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அது வேறு. அறையின் நீளத்தில் இடைவெளி அதிகம் என்று பொருள். தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின் கூட்டை முன்னே தள்ளும், முன்சுவர் அழுத்தத்தில் அறையோடு ஒட்டிக்கொள்ளும், அடி மட்டும் பின்னால், அறையை மூடியிருக்கும் போல்ட் வரை போகும், நடுவில் பித்தளை மெலியும். முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டு வருடினால் பள்ளம் தட்டுப்படும். அந்தக் கூட்டை நசுக்கி எறிந்துவிட வேண்டும், அடுத்த முறை இரண்டாகப் பிரியலாம். குண்டு, குழலின் உட்சுவரில் உள்ள பள்ளவரிகளைத் தொடும்படி வைத்து அடியைப் போல்ட்டோடு ஒட்டவைப்பது ஒரு தடுப்பு. இதற்கு இழுவை என்றே பெயர் வையுங்கள். மூன்றாவது, குண்டைப் பொருத்தி வாயை இறுக்கும்போதே, கழுத்துக்குக் கீழே சரியும் தோள் மடிந்து பிதுங்குவது. சுடுவதற்கு முன்பே நடப்பது, தோட்டா அறைக்குள் நுழையாது. அது மடிப்பு.

---

> இழுவை

இழுவை என்றால் டிராக்டர் ஞாபகம் வருகிறது. இழுபாடு?

---

இழுபாடு, ஏற்கிறேன். வெடியழுத்த வடிவேற்றல், புடைப்பு, இழுபாடு, மடிப்பு என்று அனுப்புகிறேன், மூன்று பேர் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். தோட்டா அப்படியே இருக்கும், கையேட்டின் தலைப்பிலேயே அது வருகிறது.

---

தலைப்பையும் மாற்றலாமே. வெடிக்கூடு என்பதை நான் விடுவதாக இல்லை. சுடு பற்றியும் தனியே எழுதுகிறேன், ஆபத்து சொல்லில் இல்லை, விளக்கக் குறிப்பு எழுதாததில்தான்.