கேரட் கிளை கிளையா பிரியுது, அரை ஏக்கர்ல லாபமே நிக்கல

வணக்கம். அரை ஏக்கர்ல கேரட் போடுறேன், மூணு போகமா கைல எதுவும் மிஞ்சல. விளைச்சல் குறைவில்ல, ஆனா பிடுங்கிப் பாத்தா பாதிக்கு மேல ரெண்டு கால் மூணு கால் முளைச்ச மாதிரி பிரிஞ்சு கிடக்கு, தரம் பிரிக்கும்போது அதெல்லாம் கழிவுல போயிடுது, ஆனா பிடுங்குற கூலி கழுவுற கூலி எல்லாத்துக்கும் ஒண்ணுதானே. அங்கதான் அடி வாங்குறேன்.

செம்மண், மேட்டுப்பாத்தி, சொட்டுநீர், நேரடி விதைப்பு, 100 நாள்ல அறுவடை. முதல் போகத்துல பச்சைச் சாணம் போட்டேன், அதனாலதான் பிரியுதுன்னாங்க, அதுக்கப்புறம் நல்லா மக்குன எரு மட்டும்தான். கல்லு பொறுக்கி ஒரு அடி ஆழம் உழுதாச்சு, செடிக்கு செடி 5 செ.மீ. விட்டு கலைச்சும் விட்டேன். ஒண்ணும் மாறல.

நேத்து ஒரு செடிய பிடுங்கி அலசி வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன், பக்கவேர் பூரா கடுகு சைஸ்ல முடிச்சு முடிச்சா இருக்கு. வேர்முடிச்சு நூற்புழுவாதான் இருக்கணும் (மண்ணுல இருந்து வேரைத் தாக்கி, கேரட்டை இப்படிப் பிரிய வைக்கிற கண்ணுக்குத் தெரியாத புழு), மனசே விட்டுப்போச்சு. பீட்ரூட்டுக்கு மாறலாம்னா அதையும் இந்தப் புழு விடாது.

நடுவுல செண்டுமல்லி போட்டு இந்த நூற்புழுவ அடக்கினவங்க, மறுபடி கேரட் விதைக்க எத்தனை மாசம் விட்டீங்க?