உயிர்பிழைப்பு ஆட்டத்தில் 'டைட்': ஓதமா, ஏற்றவற்றமா?

அஸ்தம்பட்டி:
வணக்கம். தீவில் தனியாக மாட்டிக்கொண்டு உயிர்பிழைக்கும் ஆட்டம் ஒன்றின் தமிழாக்கம் திங்களன்று போயாக வேண்டும். கடல் ஏறி இறங்குவதுதான் (டைட்) ஆட்டமே. நீர் வடிந்தால் சிப்பி பொறுக்கலாம், உடைந்த கப்பலுக்கு நடந்தே போகலாம். ஏறினால் கரையில் மூட்டிய தீ அணையும், பெட்டி மிதந்து போகும். திரை ஓரத்துக் காட்டிக்குப் பெயர் வேண்டும். ஏறுவது, இறங்குவது, அமாவாசை பௌர்ணமிப் பெருக்கு, இடையில் வரும் சிறு பெருக்கு, இவற்றுக்கும் வேண்டும். 12 குறியீட்டுக்குமேல் இடமில்லை. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியீடு. கோப்பில் அமாவாசை பௌர்ணமிப் பெருக்குக்கு ('ஸ்பிரிங் டைட்') இப்போது இயந்திரம் போட்ட 'வசந்த அலை' உட்கார்ந்திருக்கிறது.

ஏற்காடு:
யோசிக்க என்ன இருக்கிறது? ஓதம். சங்கப் பாட்டிலும் உண்டு, பள்ளிப் பாடநூலிலும் உண்டு, நாலே குறியீடு. ஓது, ஓதை, ஓதம் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. ஓயாமல் ஓதுவது கடல்தானே. வசந்தத்தை உடனே தூக்குங்கள், ஸ்பிரிங் டைடில் இருப்பது பருவமல்ல, துள்ளி எழுதல். அதற்கு உவா ஓதம் (உவா என்றால் அமாவாசை, பௌர்ணமி; புறநானூறு 65-இல் உவவு). சிறு பெருக்குக்கு எண்ணாள், அதாவது எட்டாம் நாள், ஓதம். புறம் 118-இல் கபிலர் பறம்பு நாட்டுக் குளத்தின் வளைந்த கரைக்கு எண்ணாள் திங்களை உவமை சொல்கிறார். அந்த அரைநிலா நாளில் ஞாயிறும் திங்களும் செங்கோணத்தில் நின்று இழுப்பதால்தான் பெருக்கு குறைகிறது. இடைவெளியோடு எண்ணினாலும் சரியாக 12!

சூரமங்கலம்:
ஐயா, குளக்கரையிலிருந்து கொஞ்சம் கடலுக்கு வாருங்கள். சேலத்தில் ஓதம் என்றால் சுவரில் ஏறும் ஈரம். 'ஓதம் ஏறுகிறது' என்று வந்தால் பையன் குடிசைச் சுவரைத்தான் பார்ப்பான். அதற்கு நேரமும் கிடையாது. ஆட்டத்தில் ஒரு நாள் 20 நிமிடம். இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே உள்ள 12 மணி 25 நிமிடம் அங்கே 10 நிமிடம் 21 நொடி. உச்சியிலிருந்து அடிக்கு ஐந்து நிமிடம் சொச்சம். அதுவும் சீராக நகராது. அந்த ஐந்து நிமிடத்தை ஆறாகப் பிரித்தால், மொத்த உயரத்தில் பன்னிரண்டில் 1, 2, 3, 3, 2, 1 பங்கு. உச்சிக்கும் அடிக்கும் உயர வித்தியாசம் 2 மீட்டரானால் நடுப்பங்குகளில் 52 நொடிக்கு அரை மீட்டர். சொல் கண்ணில் பட்டதும் கால் ஓட வேண்டும். ஏற்றவற்றம் போடுங்கள், 10 குறியீடு.

ஆத்தூர்:
இலங்கையில் வற்றுப்பெருக்கு என்பார்கள். என்ன அழகு! 15 குறியீடு, போச்சு. நீர்மட்டம் ஆகாதா? மேட்டூர் அணை 120 அடி என்று பேப்பரில் படித்தே வளர்ந்த மாவட்டம் இது.

அஸ்தம்பட்டி:
நீர்மட்டம் குடிநீர்ப் பீப்பாய்க்குப் போய்விட்டதே. இன்னொன்று: படுத்தால் ஆட்டம் 8 மணி நேரம் தாவுகிறது. படுக்கை தாழ்வில் இருந்தால் விழிப்பதே தண்ணீருக்குள்தான். எச்சரிக்கை வரியிலும் இந்தச் சொல் வரும். கடல் உயரத்தைச் சேமித்து வைக்காமல் ஆட்டக் கடிகாரத்திலிருந்தே கணக்கிடுகிறார்கள். இல்லாவிட்டால் சேர்ந்து ஆடுகிற இருவர் திரையிலும் இரண்டு கடல் தெரியும். அதனால் அடுத்த ஏற்றம் எப்போது என்று காட்டும் அட்டவணையும் உண்டு.

ஏற்காடு:
வெறும் ஏற்றம் என்றால் இங்கே 20 கொண்டை ஊசி வளைவு. கிணற்றடியில் அது நீர் இறைக்கும் ஏற்றம். ஆட்டத்தில் நிலை உயர்ந்தாலும் ஏற்றம்தான்.

சூரமங்கலம்:
கடலேற்றம், கடல்வற்றம். 9, 10. பெருக்குகளுக்குப் பெருவேற்றம், சிற்றேற்றம், இரண்டும் 11. உவாவை யாரிடம் போய் விளக்குவது?

ஆத்தூர்:
சிற்றேற்றம் நாக்கைச் சுளுக்குகிறது. அட்டமி ஏற்றம்? காலண்டரிலேயே இருக்கிறதே.

ஏற்காடு:
வடமொழி.

அஸ்தம்பட்டி:
13 குறியீடு, ஆத்தூரம்மா. ஒன்றில் தப்பிவிட்டது. காட்டிக்கும் அட்டவணைக்கும் ஏற்றவற்றம்; மற்றபடி சூரமங்கலம் சொன்ன நான்கும். மூவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கோப்பை அனுப்புகிறேன்.

ஆத்தூர்:
சரி. சிற்றேற்றத்தை நான் உரக்கப் படிக்கப் போவதில்லை.

ஏற்காடு:
என் மறுப்பைச் சொற்பட்டியலில் குறித்து வையுங்கள். கடல்வற்றம் என்றால் கடலே வற்றிப்போனது போலிருக்கிறது. அடுத்த பதிப்பில் இடம் 16 ஆனால் உவாவோடு வருகிறேன்.