செயின்மெயில் போட்ட விசார்ட், கடுப்பில் ஃபைட்டர்: கவச மந்திரத்துக்கு வீட்டு விதி சொல்லுங்கள்

தல்லாகுளம் டிஎம்

வணக்கம். மதுரையில் ஒரு சின்னக் கூட்டம் நாங்கள். ஞாயிறு மதியம் மாடி அறையில் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டு) ஆடுகிறோம். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துபவன். ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகம். கதை நம்ம ஊர்ச் சாயலில் நானே கட்டியது: யானைமலைக் குகையில் கொள்ளைக்கூட்டம், வறண்டு கிடக்கும் வைகை, அழகர்மலைக் காட்டுக்குள் யாரும் பேர் சொல்லாத ஒன்று.

தலைவலி எங்கள் விசார்ட் (மந்திரவாதி). முதல் லெவலை ஃபைட்டரில் (போர்வீரன்) எடுத்துவிட்டு அப்புறம் மூன்று லெவல் விசார்ட். செயின்மெயில் (சங்கிலிக் கவசம்) 16, கேடயம் 2, ஃபைட்டராக எடுத்த டிஃபென்ஸ் ஸ்டைல் 1, ஆக ஏசி 19. எதிரியின் உருட்டல் இந்த எண்ணைத் தொட்டால்தான் அடி படும். அடி விழப்போகிறது என்றால் உடனே ஷீல்ட் மந்திரம், இன்னொரு 5. மொத்தம் 24! சாதாரணக் காப்ளினுக்கு (குட்டி அரக்கன்) இருபது பக்கப் பகடையில் (டி20) 20 விழுந்தால்தான் உண்டு. பெரிய வாளோடு நிற்கும் நிஜ ஃபைட்டருக்கு ஏசி 16. எல்லா அடியும் அவனுக்குத்தான். "நான் எதுக்குடா வர்றேன்?" என்று கேட்டுவிட்டான், நியாயம்தானே.

அதனால் பழைய 3.5 பதிப்பில் கவசம் போட்ட மந்திரவாதிக்கு இருந்த தோல்விச் சதவீதத்தைக் கொண்டுவந்தேன். செயின்மெயிலுக்கு 30, கேடயத்துக்கு 15, ஆக 45 சதவீதம் மந்திரம் புஸ்ஸாகும். இப்போது விசார்ட் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். ஸ்லாட்டும் (ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம் என்ற கணக்கு) போகிறது, முறையும் போகிறது. இரண்டு பேரையும் சமாதானப்படுத்த என்ன வழி?

பகடை பாண்டி

தலைவா, 45 ரொம்ப அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சண்டையில் மூன்று மந்திரம் போடுகிறான் என்றால் மூன்றும் பலிக்க வாய்ப்பு 17 சதவீதம்கூட முழுசாக இல்லை. நானாக இருந்தால் கவசத்தைக் கழற்றி வீசிவிட்டு மேஜ் ஆர்மர் போட்டுக்கொள்வேன். ஒரு ஸ்லாட், எட்டு மணி நேரம், ஏசி 13 கூட டெக்ஸ் (சுறுசுறுப்பு). பேசாமல் சதவீதத்தைப் பாதியாக்குங்கள்.

பழைய 3.5 கை

பாதியாக்கினாலும் அதே புண்தான் தம்பி, கொஞ்சம் மெதுவாக வலிக்கும்.

அந்த அட்டவணை அதன் வீட்டில் ஏன் வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். 3.5இல் தோல்வி உருட்டல் கையசைவு உள்ள மந்திரத்துக்கு மட்டும். வாயால் மட்டும் சொல்வதற்குக் கிடையாது. ஸ்டில் ஸ்பெல் கற்றுக்கொண்டால் ஒரு லெவல் மேலான ஸ்லாட்டைக் கொடுத்துக் கையசைவையே விட்டுவிடலாம். மித்ரில் என்ற லேசான உலோகத்தில் அடித்த கவசம் என்றால் 10 சதவீதம் குறையும். பார்டுக்கு (பாணன்) லேசான கவசத்தில் தொந்தரவே இல்லை. க்ளெரிக்குக்கு (பூசாரி) எந்தக் கவசத்திலும் இல்லை. இப்படிச் சுற்றிலும் வாசல் வைத்துக் கட்டிய வீடு அது. நீங்கள் ஒரு சுவரை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்து அவன் முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள்.

அதற்கும் முந்தைய காலத்தில் பேச்சே இல்லை, மந்திரவாதிக்குக் கவசம் கிடையாது, முடிந்தது. ஆனால் அப்போதும் 1981 பேசிக் பெட்டியில் எல்ஃப் மட்டும் கவசத்தோடு மந்திரம் போடும். அதில் பொறாமைப்படாத ஆளே கிடையாது.

ஐந்தாம் பதிப்பு இந்த விலையை வேறு இடத்தில் வாங்குகிறது. பயிற்சி இல்லாத கவசம் என்றால் மந்திரமே வராது. பயிற்சி இருந்தால் தடையே இல்லை. அந்தப் பயிற்சிக்காக உங்கள் பையன் ஒரு லெவல் கொடுத்திருக்கிறான். மற்ற விசார்டுகள் ஐந்தாம் லெவலில் ஃபயர்பால் (தீப்பந்து மந்திரம்) போடும்போது இவன் ஆறு வரை காத்திருக்க வேண்டும். அதே ஐந்தாம் லெவலில் உங்கள் ஃபைட்டருக்கு ஒரே முறையில் இரண்டாவது அடி வந்துவிடும். சதவீதத்தையும் மேலே ஏற்றினால் அவன் இரண்டு தடவை வரி கட்டுகிறான்.

கோரிப்பாளையம் க்ளெரிக்

கணக்கெல்லாம் சரி. எனக்கு ஒரே கேள்வி. சண்டையில் அவன் கையில் என்ன இருக்கிறது?

தல்லாகுளம் டிஎம்

வலது கையில் நீள்வாள் அக்கா, இடது கையில் கேடயம். ஏன்?

கோரிப்பாளையம் க்ளெரிக்

அப்புறம் எந்தக் கையால் ஷீல்ட் போடுகிறான்?

அந்த மந்திரத்துக்கு வாய்ச்சொல்லும் வேண்டும், கையசைவும் வேண்டும். கையசைவுக்கு ஒரு கையாவது காலியாக இருக்க வேண்டும் என்பது புத்தகத்திலேயே இருக்கிற விதி, வீட்டு விதி இல்லை. பொருள் தேவைப்படும் மந்திரமாக இருந்தால் ஃபோகஸ் (மந்திரக்கோல் மாதிரி கருவி) பிடித்த கையாலேயே அசைத்துக்கொள்ளலாம். ஷீல்டுக்குப் பொருளே கிடையாது, ஆகவே அந்தச் சலுகையும் இல்லை. வாளை உறையில் போட அவன் முறை வர வேண்டும். ஷீல்டோ எதிரி அடிக்கும் நொடியில் போடும் ரியாக்‌ஷன். இரண்டு கையும் நிறைந்திருந்தால் அந்த 24 கிடையவே கிடையாது.

நம்பவில்லை என்றால் அவனிடம் ஒரு கையில் தண்ணீர் டம்ளரும் இன்னொரு கையில் எவர்சில்வர் தட்டும் கொடுங்கள். எதையும் கீழே வைக்காமல் விரலை மடக்கி ஒரு முத்திரை பிடிக்கச் சொல்லுங்கள். மேசையில் எல்லாருக்கும் ஒரே தடவையில் புரிந்துவிடும்.

கவசத்தில் கை வைக்காதீர்கள், கையைக் கவனியுங்கள். வாளும் கேடயமும் வேண்டும் என்றால் மிஸ்டி ஸ்டெப் மாதிரி வாயால் மட்டும் சொல்லும் மந்திரத்தோடு சமாளிக்கட்டும். ஷீல்ட் வேண்டும் என்றால் வாளை விட்டுவிடட்டும், கேடயத்தோடு ஒரு கை காலி, ஏசி 24 தாராளமாக வரும், ஆனால் வெட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கட்டும், அது அவன் பாடு.

ஒன்று, இதை அவனுக்கு மட்டும் வைத்தால் சண்டை வரும். க்ளெரிக்குக்கும் இதே கதிதான். கேடயத்தில் புனிதச் சின்னம் (க்ளெரிக்கின் ஃபோகஸ்) பொறித்திருந்தால் ப்ளெஸ் மந்திரம் போடலாம், அதற்குப் பொருள் உண்டு. காயம் ஆற்றும் க்யூர் வூண்ட்ஸுக்கு இல்லை, கதாயுதத்தைக் கீழே போட்டாக வேண்டும். ஹீலிங் வேர்ட் வாய்ச்சொல் மட்டும். என் க்ளெரிக் ஏன் எப்போதும் தூரத்தில் நின்று கத்திக்கொண்டே குணப்படுத்துகிறாள் என்று இப்போது தெரிந்திருக்கும்.

மேலூர் மந்திரி

கை விதி அருமை. ஆனால் நம்ம ஊர்ச் சாயல் என்கிறீர்கள், வெயிலை ஏன் விட்டுவிட்டீர்கள்? சித்திரை வெயிலில் செயின்மெயிலோடு யானைமலை ஏறட்டும், தெரியும் சேதி. டிஎம் புத்தகத்திலேயே விதி இருக்கிறது. 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட 38 செல்சியஸைத் தொட்டால், குடிக்கத் தண்ணீர் இல்லாதவன் மணிக்கு ஒரு கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடல் தாங்குகிறதா என்று பார்க்கும் உருட்டல்) போட வேண்டும். முதல் மணிக்கு இலக்கு 5, அப்புறம் மணிக்கு ஒன்று ஏறும். நடுத்தரக் கவசம், கனத்த கவசம் போட்டவனுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). தோற்றால் ஒரு படி சோர்வு.

பழைய 3.5 கை

மந்திரி, கதைக்கு இது பிரமாதம். ஆனால் இந்தச் சிக்கலுக்கு மருந்து இல்லை. ஃபைட்டரும் அதே செயின்மெயிலில்தானே இருக்கிறான்? மூன்றாவது படிச் சோர்வில் அடி உருட்டல் கெட்டுப்போகும். பாவம், அவனுக்கு இருப்பதே அது ஒன்றுதான். மேஜிக் மிசைல் போடுகிறவனுக்கு உருட்டலே இல்லை, ஜாலியாக எறிந்துகொண்டிருப்பான். வெயிலைச் சேருங்கள், ஆனால் விசார்டை அடக்கத்தான் என்று நினைத்துச் சேர்க்க வேண்டாம்.

சிம்மக்கல் ட்ரூயிட்

இன்னொன்றையும் பாருங்கள். ஒரு நாளில் எத்தனை சண்டை வைக்கிறீர்கள்? நான்காம் லெவலில் அவனுக்கு முதல் நிலை ஸ்லாட் நான்கு, இரண்டாம் நிலை இரண்டு. ஒவ்வொரு ஷீல்டும் ஒரு ஸ்லாட்டைத் தின்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சண்டை, உடனே கூடாரம் போட்டுத் தூக்கம் என்றால் அவன் ஏன் கஞ்சத்தனம் பண்ணப்போகிறான்? தூங்குவதற்கு முன்னால் இரண்டு மூன்று சண்டை வந்தால் தானாகவே எண்ணி எண்ணிச் செலவழிப்பான்.

தோல்விச் சதவீதம் பிடித்திருந்தால் தூக்கிப் போடவும் வேண்டாம். புத்தகம் "முடியாது" என்று சொல்லும் இடத்தில் வையுங்கள். பயிற்சி இல்லாமல் அவசரத்துக்குக் கவசம் மாட்டிக்கொண்ட மந்திரவாதி, சிறையிலிருந்து தப்பும்போது காவலாளியின் சட்டையைப் போட்டவன், இவர்களுக்கெல்லாம் மந்திரம் அடியோடு வராது என்பதற்குப் பதில் டி20 உருட்டச் சொல்லலாம். லெதர் என்றால் 2 வரை தோல்வி, செயின்ஷர்ட் 4, செயின்மெயில் 6, முழுத் தகடு 7. பழைய 10, 20, 30, 35 சதவீதம்தான் இது. தோற்றால் முறை மட்டும் போகட்டும், ஸ்லாட்டை விட்டுவிடுங்கள். அப்போது இதே எண்கள் தண்டனையாகத் தெரியாது, சூதாட்டமாகத் தெரியும்.

தல்லாகுளம் டிஎம்

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஆடிப் பார்த்தோம்.

தட்டு, டம்ளர் சோதனையை அக்கா சொன்னபடியே செய்தேன். பையன் விடவில்லை. டம்ளரை அக்குளில் இடுக்கிக்கொண்டு முத்திரை பிடித்துக் காட்டினான். சட்டை முழுக்கத் தண்ணீர். "சரி, வாளையும் அப்படியே இடுக்கிக்கொள், டெக்ஸ் சேவ் போடு" என்று ஃபைட்டர் சொன்னதும் எல்லாரும் சிரித்து, விதி ஒருமனதாக நிறைவேறிவிட்டது.

45 சதவீதத்தை எடுத்துவிட்டேன். சிம்மக்கல்லின் டி20 அட்டவணை பயிற்சி இல்லாதவர்களுக்கு மட்டும். வெயில் விதியும் சேர்த்தாயிற்று, அதில் இரண்டு பேரும் சமமாக வாடினார்கள்.

குகை வாசலில் நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. விசார்ட் ஃபயர் போல்ட் போட வாளைக் கீழே விட்டான். கையிலிருந்து விடுவதற்கு ஒன்றும் செலவில்லை அல்லவா? அடுத்த முறையில் கொள்ளையன் ஒருவன் அதைக் காலால் பள்ளத்தில் தள்ளிவிட்டான். அதற்கப்புறம் சண்டை முழுக்க ஃபைட்டர்தான் முன்னால் நின்றான், விசார்ட் அவன் முதுகுக்குப் பின்னால். ஃபைட்டர் ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தமுகமாக வீட்டுக்குப் போனான்.

ஒரு சந்தேகம் மிச்சம். அடுத்த லெவலில் வார் காஸ்டர் என்ற சிறப்புத் திறனை எடுக்கப்போவதாக விசார்ட் இப்போதே சொல்லிவிட்டான். எடுத்தால் ஆயுதமும் கேடயமும் பிடித்த கையாலேயே அசைக்கலாம். பழையபடி 24. தடுக்கவா?

கோரிப்பாளையம் க்ளெரிக்

தடுக்காதீர்கள். அதற்காக அவன் இன்டெலிஜென்ஸ் ஏற்றத்தை விடுகிறான், அவன் மந்திரத்திலிருந்து தப்ப எதிரி உருட்ட வேண்டிய எண் ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. எதிரிகள் சேவில் கொஞ்சம் சுலபமாகத் தப்புவார்கள். அதே லெவலில் ஃபைட்டருக்கு இரண்டாவது அடி வருகிறது என்பதை 3.5 அண்ணன் ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஒரு நல்ல தகட்டுக் கவசத்தையும் அந்தக் குகையில் எங்காவது ஃபைட்டர் அளவுக்கு வைத்துவிடுங்கள், ஏசி 18.

பகடை பாண்டி

கேடயத்தைக் கழற்ற ஒரு ஆக்‌ஷன் ஆகும் தலைவா, அதையும் சேர்த்து எழுதி வையுங்கள். "கேடயத்தையும் கீழே போட்டேன்" என்று அடுத்த வாரம் கட்டாயம் கிளப்புவான்.