செவ்வரத்தையும் முதல் உறைபனியும்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

ஸ்காபரோ, ரொறன்ரோ

ஊரில் செவ்வரத்தைக்கு (செம்பருத்திக்கு) ஒருத்தரும் தண்ணி ஊத்தி நான் கண்டதில்லை. ஒரு தடியை முறிச்சு வேலியோரம் ஊன்றிவிட்டால் அது தன்பாட்டில் நிற்கும். ஆடு கடிச்சாலும் திரும்பத் தளிர்க்கும். அந்த நினைப்போடுதான் இங்கேயும் வளர்க்கத் தொடங்கினேன்.

மாமிக்குக் காலையில் சாமிக்கு வைக்க ஒரு பூ வேணும். அதற்காக வாங்கினது இரண்டு சாடி. கோடை முழுக்கக் குறையில்லை, ஒரு நாளைக்கு நாலு பூ, ஐந்து பூ. ஒக்டோபரில் நன்றி நவிலல் விடுமுறை. பகல் 15 பாகை, நல்ல வெயில். இரவுக்கு 3 பாகை என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். பூச்சியத்துக்கு மேலேதானே என்று விட்டுவிட்டுப் படுத்தேன். வெள்ளன எழும்பிப் பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை. புல்வெளியில் நின்ற செடியின் இலைகள் அவிச்ச கீரை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன. மத்தியானம் கறுத்துப் போச்சு. மாமி ஒன்றும் பேசவில்லை. சாடியைத் தானே இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வீட்டோடு ஒட்டி, கூரை விளிம்புக்குக் கீழே நின்ற மற்றச் செடிக்கு ஒரு இலைகூட வாடவில்லை. இரண்டுக்கும் இடையில் பத்து அடி தூரம்தான். அதுதான் என்னை யோசிக்க வைத்தது. வானிலைக்காரர் சொல்லும் பாகை, தரையில் இருந்து ஒரு ஆள் நெஞ்சு உயரத்தில் அளக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை அப்படியே வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்றுப் பாரமானது, தரையோடு படிந்து கிடக்கும். மேலே 3 பாகை என்றால் புல் மட்டத்தில் பூச்சியத்துக்குக் கீழே போகலாம். இலைக்குள் இருக்கிற தண்ணி ஐஸ் ஆனதும் இலையின் கலங்கள் (செல்கள்) உடைஞ்சு போகும், பிறகு வெயில் வந்தும் பிரயோசனமில்லை. கூரையோ, மேகமோ, மேலே ஏதாவது மூடியிருந்தால் சூடு கொஞ்சம் தங்கும்.

செத்துப்போச்சு என்று குப்பைக்கு எடுத்தேன். பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தா வேலிக்கு மேலால் கண்டு கையைக் காட்டி மறித்தார். அவர் அத்திமரத்தைச் சாடியில் வைத்து ஒவ்வொரு குளிருக்கும் கராஜுக்குள் கொண்டுபோகிறவர். வந்து, நகத்தால் தண்டின் பட்டையைச் சுரண்டினார். நுனியில் மண்ணிறம். ஒரு சாண் கீழே பச்சை. "காத்திரு" என்றார், அவ்வளவுதான். பேஸ்மென்ட் யன்னலோரம் வைத்தேன். அங்கே 12 பாகை அளவில் நிற்கும். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் அரைக் கோப்பை தண்ணி. பெப்ரவரி கடைசியில் ஊசிமுனை போல ஒரு பச்சை தெரிந்தது. மாமியைக் கூப்பிட்டுக் காட்டினபோது அவர் கண் கலங்கிவிட்டது.

இப்போது இரவு 10 பாகைக்கு இறங்கத் தொடங்கினதும் உள்ளே எடுத்துவிடுவேன். உறைபனி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை. உங்களுக்கு என்ன நடந்தது, எழுதுங்கோ.

ஹாரோ, லண்டன்

அக்கா, என்னுடைய செடியைக் கொன்றது உறைபனி இல்லை, நான் ஊற்றின தண்ணீர். லண்டனில் குளிர் உங்கள் ஊர்போல இல்லை. வீட்டுக்குப் பின்னால் கண்ணாடி அறை இருக்கு, டிசம்பரில் 6, 7 பாகை நிற்கும். அங்கே வைத்தேன். இலை மஞ்சளாகி விழுந்தது. ஊரில் இலை பழுத்தால் தண்ணீர் காணாது என்றுதான் சொல்வோம். அதனால் இன்னும் ஊற்றினேன். பழையபடி விழுந்தது, பழையபடி ஊற்றினேன். ஜனவரியில் சாடியில் இருந்து இழுத்தபோது வேர் முழுக்கக் கபில நிறம். தோல் கையோடு கழன்று வந்தது, மணமும் கெட்டிருந்தது.

அந்தப் பெப்ரவரியில் பிள்ளைகளைக் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே 1848இல் கட்டி முடித்த பனைவீடு இருக்கிறது, இரும்பும் கண்ணாடியும். கதவைத் திறந்து உள்ளே போனதும் மூக்குக்கண்ணாடி புகை மூடிவிட்டது. ஊரில் மழைக்குப் பிறகு வளவுக்குள் நிற்கிற மாதிரி வெக்கை. அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. அந்தச் சூட்டில் செடி வேலை செய்துகொண்டே இருக்கிறது, தண்ணீரைக் குடிக்கிறது. என்னுடைய கண்ணாடி அறையில் செடி நித்திரை. நித்திரை கொள்கிறவனின் வாயில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? சூடு இருந்தால் தண்ணீர் கொடுக்கலாம். சூடு இல்லையென்றால் மண் காயவிட வேண்டும். இப்போது விரலை இரண்டாம் கணுவரை மண்ணுக்குள் விட்டுப் பார்க்காமல் நான் ஊற்றுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடையில் வாங்கும்போது முழங்கால் உயரத்தில் நெருக்கமாகப் பூத்திருக்கும். அடுத்த வருடம் கிளைகள் நீண்டு வளர்ந்து, பூவும் குறைந்தால் உங்கள் கையில் பிழை இல்லை. பண்ணையில் வளர்ச்சியை அடக்கும் மருந்து கொடுத்துத்தான் பெரும்பாலும் அனுப்புகிறார்கள். அதன் வேகம் போனதும் செடி தன் சொந்த உருவத்துக்கு வருகிறது. மார்ச்சில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். புதுத் தளிரில்தான் மொட்டு வரும். உரத்துக்கு, தக்காளிக்கென்று விற்கும் திரவ உரமே எனக்குப் போதுமாக இருக்கிறது. அதில் பொட்டாசியம் கூடுதல்.

எடிசன், நியூ ஜெர்சி

நாங்க மதுரைப் பக்கம், செம்பருத்தின்னு சொல்வோம். நீங்க செவ்வரத்தைன்னு எழுதினதைப் படிக்கும்போதே நல்லா இருக்கு.

எங்க வீட்டுச் செடி தெற்குப் பார்த்த ஜன்னல்ல, ஹீட்டர் ஓடுற ஹால்ல இருக்கு. அதனால குளிர் பிரச்சினையே இல்லைன்னு நினைச்சேன். ஜனவரி ரெண்டாவது வாரம் இலையெல்லாம் தூசி படிஞ்ச மாதிரி மங்கிப்போச்சு. துடைச்சா போகலை. மொபைல் டார்ச்சை இலைக்கு அடியில பிடிச்சுப் பார்த்தப்போ மெல்லிய நூலாம்படை, அதுல ஊசிமுனையைவிடச் சின்னதா ஏதோ நகருது. சிலந்திப்பேன். ஹீட்டர் ஓடுற வீட்ல காத்து வறண்டு போயிடும், அதுக்கு அந்த வறட்சிதான் பிடிச்ச இடம். ஊர்ல மழையும் ஈரக்காத்தும் அதைப் பெருக விடாது. இங்க அந்த வேலையை நாமதான் செய்யணும்.

நான் செஞ்சது இது. தொட்டி வாயைப் பிளாஸ்டிக் பையால கட்டிட்டு, செடியைக் குளியல் தொட்டியில சாய்ச்சு வெச்சு, வெதுவெதுப்பான ஷவர்ல இலையோட அடிப்பக்கத்தைக் கழுவினேன். ஒவ்வொரு இலையா, கையாலயே. காய்ஞ்சதும் கொஞ்சம் வேப்பெண்ணெய், சோப்புத் தண்ணி. ஒரு தடவையோட விட்டா பத்தாது. முட்டையிலேருந்து அடுத்த கூட்டம் வரும். அஞ்சாறு நாளைக்கு ஒரு தடவைன்னு மூணு முறை செஞ்சப்புறம்தான் அடங்கிச்சு.

மொட்டு உதிர்றதைப் பத்தியும் யாராவது எழுதுங்க. போன மாசம் பதினோரு மொட்டு, மலர்ந்தது ரெண்டு. வெள்ளிக்கிழமை அம்மனுக்கு வைக்கலாம்னு வியாழக்கிழமை ராத்திரி பார்த்து வெச்ச மொட்டு காலைல தரையில கிடக்கும். அந்த வருத்தம் சின்னதில்லை.

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

எடிசன் அக்கா, சாடியைத் திருப்பினீங்களா? இடத்தை மாற்றினால், ஒரு நாள் காயவிட்டு மறுநாள் நிறைய ஊற்றினால் மொட்டைத்தான் முதலில் கைவிடும். நான் வெளிச்சம் பார்க்கும் பக்கத்தில் சோக்கால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், துடைக்க எடுத்தாலும் அதே பக்கம் திரும்ப வைக்க.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். இங்கே கடைச் சீட்டில் 'தோட்ட ஹிபிஸ்கஸ்' என்றும் 'அறை ஹிபிஸ்கஸ்' என்றும் இரண்டு இருக்கும். முதலாவது வேறு இனம், தென்கொரியாவின் தேசிய மலர். இலை மங்கல், மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். சினோவுக்குள் (வெண்பனிக்குள்) நிற்கும், குளிரில் இலை கொட்டுவது அதன் இயல்பு. எங்கள் செவ்வரத்தை இரண்டாவது, மலேசியா தேசிய மலராக வைத்திருப்பது. இலை மினுங்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஹிபிஸ்கஸ் என்ற பெயரை மட்டும் பார்த்து இரண்டாவதை நிலத்தில் நட்டார்கள். நவம்பர் முடியமுதல் போய்விட்டது.

மெல்பர்ன், ஆஸ்திரேலியா

எங்களுக்குக் குளிர் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நான் கோவை. வடக்குப் பார்த்த செங்கல் சுவரை ஒட்டி நிலத்திலேயே நட்டிருக்கிறேன், ஏழு வருடம் ஆகிறது. இங்கே வெயில் வடக்கிலிருந்து வரும். பகலில் சுவர் வாங்கி வைத்த சூடு ராத்திரி செடிக்குக் கிடைக்கிறது. ஜூலையில் பாதி இலை கொட்டி, பார்க்கவே பாவமாக நிற்கும். அப்போது கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது. ஒரு வருடம் மே மாதமே அழகாக வெட்டிவிட்டேன். அதில் வந்த இளந்தளிர் மொத்தமும் ஒரே ராத்திரியில் கருகிவிட்டது. இப்போது செப்டம்பர் கடைசிவரை கை வைப்பதில்லை.

ஸ்காபரோ, ரொறன்ரோ

எல்லாருக்கும் நன்றி. எடிசன் தங்கச்சி, நானும் உங்களைப்போல மொட்டு எண்ணுகிற ஆள்தான், அந்த வருத்தம் விளங்குது.

வசந்தத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட்டேன். இலையுதிர் காலத்தில் ஒரு இரவில் பட்டேன் என்றால், மே மாதத்தில் ஒரு பகலில் பட்டேன். நல்ல வெயிலைக் கண்டதும் ஏழு மாதம் யன்னலுக்குள் நின்ற செடியை நேரே வெளியில் கொண்டுபோய் வைத்தேன். பின்னேரம் இலையெல்லாம் கடதாசி போல வெளிறிப்போச்சு. கண்ணாடிக்குள் பழகின இலைக்கு நேர் வெயில் தாங்காது. இப்போது முதலில் வராந்தா நிழல், பிறகு காலை வெயில் ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு என்று பத்து நாள் பழக்குகிறேன். இரவில் திரும்ப உள்ளே. விக்ரோறியா நாள் விடுமுறை முடியும்வரை எந்தச் செடியையும் இரவில் வெளியில் விடுவதில்லை. மே 25க்கு முந்தின திங்கள் அது. இங்கத்தைத் தோட்டக்காரர்கள் கனபேர் அதைத்தான் கணக்காக வைத்திருக்கிறார்கள்.

இண்டைக்குக் காலையில் மாமியின் செடியை வெட்டினேன். வெளியில் இன்னும் சினோ கிடக்கு. பென்சில் மொத்தத்தில் ஆறு தடி எடுத்து, கீழ் இலைகளை நீக்கி, ஈர மண்ணில் ஊன்றி, மேலே பொலித்தீன் பையால் மூடி வைத்திருக்கிறேன். இரண்டு எனக்கு. ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் இருக்கிறவர்கள் மற்ற நாலையும் கேளுங்கோ. வேர்விட்டால் மே கடைசியில் வந்து எடுக்கலாம். சிவப்பு அடுக்குப் பூ.