ஆண்ட்ராய்டு திறந்த மூலம் என்றால் என் போனில் ஏன் பூட்டு?

கேள்வி – மழைக்கால எறும்பு

என் ஆண்ட்ராய்டு போன் பழையது. திரை, பேட்டரி எல்லாம் நன்றாக இருக்கின்றன, செக்யூரிட்டி அப்டேட் மட்டும் நின்றுவிட்டது. லீனேஜ் ஓஎஸ் (ஆண்ட்ராய்டிலிருந்து தன்னார்வலர்கள் உருவாக்கும் மாற்று ஓஎஸ்) போடலாம் என்று பார்த்தால், பூட்லோடரை (போன் ஆன் ஆகும்போது ஓஎஸ்ஸை ஏற்றும் நிரல்) திறக்கவே கம்பெனி விடுவதில்லை. ஆண்ட்ராய்டு திறந்த மூலம் என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியானால் எதுதான் திறந்திருக்கிறது?

பதில் – சால்டரிங் மேசை

போன் சர்வீஸ் என் தொழில். இந்தக் கேள்வி தினமும் என் மேசைக்கு வருகிறது.

திறந்திருப்பது மூல நிரல், அதாவது புரோகிராமர்கள் எழுதிய வரிகள். அடிப்படை ஆண்ட்ராய்டின் பெரும்பகுதி அப்பாச்சி 2.0 உரிமத்தில் இருக்கிறது. யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம், மாற்றியதை வெளியிட வேண்டியதில்லை. அடியில் வன்பொருளை இயக்கும் லினக்ஸ் கெர்னல் மட்டும் ஜிபிஎல் 2 என்ற வேறு உரிமத்தில் இருக்கிறது. அதைப் போனில் வைத்து விற்பவர், கேட்டால் மூல நிரலைக் கொடுத்தே ஆக வேண்டும். சரி, கொடுத்தார். நீங்கள் மாற்றிய கெர்னலை அதே போனில் ஓட விடுவாரா? அப்படி ஓட விட வேண்டும் என்று 2007இல் வந்த அடுத்த பதிப்பான ஜிபிஎல் 3தான் வெளிப்படையாகக் கேட்டது. லினக்ஸ் அதற்கு மாறவில்லை. உங்கள் பூட்லோடர் சிக்கலுக்கு வேர் இதுதான்: நிரலைப் படிக்க உரிமை உண்டு, உங்கள் கருவியில் போட உரிமை இல்லை.

அதற்கு மேல் பிளே ஸ்டோரும், பல செயலிகள் பின்னணியில் நம்பியிருக்கும் பிளே சர்வீசஸும். இவை திறந்தவை அல்ல, கூகுளின் அனுமதி வேண்டும். 2019இல் அமெரிக்கத் தடை வந்தபோது ஹுவாவேக்கு ஆண்ட்ராய்டின் மூல நிரல் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. புது மாடல்களில் பிளே ஸ்டோர் போனது. அதிலேயே சீனாவுக்கு வெளியே அந்த போன்களின் விற்பனை படுத்துவிட்டது.

பதில் – கடைசி பெஞ்ச்

பூட்டு நம் பாதுகாப்புக்குத்தானே அண்ணா? திருடியவன் வேறு ஓஎஸ் ஏற்றிவிட்டால்?

பதில் – சால்டரிங் மேசை

பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தம்பி. சாவி யாரிடம் என்பதுதான் கேள்வி. கூகுளின் பிக்சல் போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் போய் ஓஇஎம் அன்லாக்கிங்கை (பூட்லோடரைத் திறக்கும் அனுமதி) ஆன் செய்து, போனைப் பூட்லோடர் திரைக்குக் கொண்டுபோய், கணினியில் செருகி 'ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் அன்லாக்' என்று அடித்தால், போனிலேயே ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திறக்கும். ஓஇஎம் அன்லாக்கிங்கை ஆன் செய்ய உள்ளே போயாக வேண்டும், திரைப்பூட்டு தெரியாத திருடனால் அது முடியாது. கிராஃபீன் ஓஎஸ் என்ற மாற்று ஆண்ட்ராய்டைப் போட்ட பிறகு, அதன் சாவியை (ஓஎஸ் அசல்தானா என்று போன் சரிபார்க்க உதவுவது) பதித்து மறுபடி பூட்டியும் விடலாம். பாதுகாப்பும் இருக்கிறது, முடிவும் சொந்தக்காரர் கையில் இருக்கிறது. மற்ற கம்பெனிகளாலும் இது முடியும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. பூட்லோடரைத் திறந்தால் சில வங்கிச் செயலிகள் ஓட மறுக்கின்றன. 2025 ஆகஸ்டில் கூகுள் இன்னொன்றும் அறிவித்தது: பிளே ஸ்டோருக்கு வெளியே செயலி தருபவர்களும் தங்கள் அடையாளத்தைக் கூகுளிடம் பதிய வேண்டும். திறந்த மூலச் செயலிகள் கிடைக்கும் எஃப்-டிராய்டு தளத்தில் இலவசமாகச் செயலி எழுதித் தருபவர்களை இது நேராகவே பாதிக்கும். கூகுளிடம் போகாமலே செயலி நிறுவ முடிந்ததால்தான் ஆண்ட்ராய்டைத் திறந்தது என்று நான் வாடிக்கையாளர்களிடம் சொல்லிவந்தேன்.

கேள்வி கேட்டவர் – மழைக்கால எறும்பு

அடுத்த போன் வாங்கும்போது எதைப் பார்க்கட்டும்?

பதில் – சால்டரிங் மேசை

லீனேஜ் ஓஎஸ் தளத்தில் சாதனப் பட்டியல் இருக்கிறது. மாடல் எண்ணை எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள், ஒரே பெயரில் இரண்டு சிப் வைத்து விற்கிறார்கள். பூட்லோடர் திறக்கும் முறையும் அங்கேயே இருக்கும். கம்பெனி தளத்தில் திறக்கும் கோட் வாங்க வேண்டும் என்று போட்டிருந்தால், அந்தச் சேவை இன்னும் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.