ஆணுறை கிழிந்தது, தோலிலும் சின்னக் காயம்: நோய் தொற்றியிருக்குமா?

கேள்வி:
முந்தாநாள் இரவு உறவின்போது ஆணுறை கிழிந்திருக்கிறது, முடிந்த பிறகுதான் பார்த்தோம். அதோடு ஆணுறுப்பின் அடிப்பக்கம், நுனித்தோல் மொட்டோடு சேரும் இடத்தில் லேசாகக் கிழிந்து கொஞ்சம் ரத்தம் வந்தது, அமுக்கிப் பிடித்ததும் நின்றுவிட்டது. இப்போது சிறுநீர் படும்போது மட்டும் எரிகிறது. அந்தப் பெண் எனக்குப் புதுப் பழக்கம், பரிசோதனை பற்றியெல்லாம் பேசியதே இல்லை. காயம் வழியாக எச்ஐவி போயிருக்குமோ என்று தூக்கமே இல்லை. டெட்டால் போட்டுக் கழுவலாமா? இன்றே ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடுமா? கேலி வேண்டாம், ப்ளீஸ்.

பதில் 1:
காயத்தை விடுங்கள், முதலில் மணியைப் பாருங்கள். எச்ஐவி தொற்றாமல் தடுக்க பெப் என்று மாத்திரை இருக்கிறது, 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். உங்களுக்கு அது தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார், அதனால் இன்றே போங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. துணைக்கு எச்ஐவி இருந்தாலும்கூட ஒரே ஒரு முறை உறவில் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 10,000-க்கு 4 தான், புண் இருந்தால் கொஞ்சம் கூடும், அவர் ஒழுங்காக மருந்து எடுத்து வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருந்தால் தொற்றவே தொற்றாது.

பதில் 2:
டெட்டால் எல்லாம் தயவுசெய்து வேண்டாம், அந்த இடத்துத் தோல் வெந்துபோகும். வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, காற்றாட விடுங்கள். வீட்டில் கிடக்கும் அரிப்பு களிம்பையும் தடவாதீர்கள், பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இந்த மாதிரிக் கிழிசல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானாக ஆறும், ஆறும்வரை உறவு கூடாது. ரத்தம் நிற்காவிட்டாலோ, வீங்கிச் சீழ் வைத்தாலோ காட்டியே ஆக வேண்டும். அதே இடம் திரும்பத் திரும்பக் கிழிந்தாலும் காட்டுங்கள், அது சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகிற விஷயம்.

பதில் 3:
இன்று எடுக்கும் ரத்தப் பரிசோதனை உங்கள் பழைய நிலையைத்தான் காட்டும், முந்தாநாள் நடந்ததைக் காட்டாது. எச்ஐவிக்கு நான்காம் தலைமுறைப் பரிசோதனையை (வைரஸின் புரதத்தையும் அதற்கு உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும் ரத்தப் பரிசோதனை) 45 நாள் கழித்து எடுத்தால் நம்பலாம், ஆனால் பெப் எடுத்தால் அந்தக் கணக்கு தள்ளிப்போகும். உறவால் பரவும் மற்ற நோய்களில் கொனோரியா, கிளமிடியா இரண்டுக்கும் சிறுநீர்ப் பரிசோதனை, 2 வாரம் கழித்து. சிபிலிஸுக்கு இன்னும் காத்திருக்க வேண்டும், 3 மாதம் ஆனபின் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இடையில் புதிதாக வலியே இல்லாத ஒரு புண் வந்தால் சிபிலிஸாக இருக்கலாம், கொத்தாகக் கொப்புளம் வந்து வலித்தால் ஹெர்பிஸாக இருக்கலாம். உறவின்போதே ரத்தம் வந்த கிழிசல் இரண்டும் இல்லை, அது உராய்வில் வந்தது. உறவாலும் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்றும் மருத்துவரிடம் சொல்லுங்கள், போடாவிட்டால் இப்போது போட்டாலும் பலன் உண்டு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கிளம்பிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டுமா?

பதில் 1:
கண்டிப்பாக. அவருக்கும் இதே பரிசோதனைகள் தேவை. அதுமட்டுமா, ஆணுறை கிழிந்தது என்கிறீர்கள், இத்தனை பேர் எழுதியும் கர்ப்பத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை பாருங்கள்! அவசரக் கருத்தடை மாத்திரையில் லெவோநார்ஜெஸ்ட்ரல் வகைக்கும் 72 மணி நேரம்தான், அது தாண்டினால் 5 நாளுக்குள் காப்பர் டி போடலாம். போகும் வழியிலேயே அவருக்கு போன் போடுங்கள்.