லண்டன் டியூபில் (பாதாள ரயிலில்) அண்ணன் ஃபோன் திருட்டு. இந்திய சிம்மும் அதில்தான். கோத்தகிரியில் இருந்து என்ன செய்யலாம்?

குறிஞ்சிப்பூ
அண்ணன் லண்டனில் படிக்கிறான். டியூபில் கூட்டத்தோடு கூட்டமாக கோட் பாக்கெட்டில் இருந்த ஐஃபோனை உருவிவிட்டார்கள். அங்கே ராத்திரி பத்து, நமக்கு விடிகாலை இரண்டரை. ஃபோன் பூட்டித்தான் இருந்தது. உள்ளே இரண்டு சிம். அந்த ஊர் சிம் ஒன்று, நம்ம ஊர் சிம் ஒன்று. பேங்க் ஓடிபி எல்லாம் நம்ம ஊர் நம்பருக்குத்தான் வரும். ரூம்மேட் லேப்டாப்பில் இருந்து மெயில் போட்டிருக்கிறான். இங்கே நாங்கள் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

ஊட்டி வர்க்கி
ஃபோனை விடுங்கள், சிம்மைப் பாருங்கள். ஃபோன் பூட்டியிருந்தாலும் சிம்மை ஒரு பின் குத்தி வெளியே எடுத்து வேறு ஃபோனில் போட்டால் அடுத்த நிமிஷமே ஓடிபி அங்கே விழும். சிம் பின் (சிம்முக்கு வைக்கும் ரகசிய எண்) வைத்திருந்தால்தான் தடுக்கும், நம்மில் யார் வைக்கிறோம்?

இப்போதே கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு சிம்மை முடக்கச் சொல்லுங்கள். சிம் யார் பேரில் இருக்கிறது? இதற்குப் பதில் தெரிந்தால்தான் மேலே சொல்ல முடியும். இன்னொன்று, டெபிட் கார்டை ஃபோன் கவருக்குள் செருகி வைக்கும் பழக்கம் அண்ணனுக்கு உண்டா? சில பேங்குகளில் யுபிஐ பின் மாற்ற கார்டின் கடைசி ஆறு எண்ணும் காலாவதி மாதமும் ஓடிபியும் போதும். சிம்மும் கார்டும் ஒரே கையில் சேர்ந்தால் வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரி.

குறிஞ்சிப்பூ
சிம் அப்பா பேரில். கார்டு பர்ஸில் பத்திரமாக இருக்கிறதாம்.

மூடுபனி
அப்பா பேரில் என்றால் பாதி வேலை முடிந்தது. அண்ணன் பேரில் இருந்திருந்தால் டூப்ளிகேட் சிம்முக்கு அவரே நேரில் வர வேண்டியிருக்கும்.

சிம்மை முடக்கச் சொல்லி கஸ்டமர் கேரிடம் அப்பாவே பேசட்டும். முகவரி, பிறந்த தேதி, கடைசியாக எவ்வளவு ரீசார்ஜ் என்றெல்லாம் கேட்கலாம், கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் ஃபோனை வைக்காதீர்கள்.

அடுத்தது டூப்ளிகேட் சிம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் குடை விரித்து சிம் விற்பவரிடம் வேண்டாம். குன்னூரோ ஊட்டியோ போய் கம்பெனியின் சொந்த ஸ்டோரில் வாங்குங்கள். அப்பாவின் அசல் ஆதார் வேண்டும், அப்பாவும் வேண்டும். இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று வரும். தேயிலை பறித்த கையில் ரேகை தேய்ந்திருக்கும், குளிரில் விரல் வறண்டும் இருக்கும், மெஷின் எடுக்காது. வெந்நீரில் கை கழுவி, துடைத்து, துளி எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வையுங்கள். பத்து விரலையும் முயலுங்கள். மோதிர விரல் தேயாமல் இருக்கலாம். எதுவுமே விழவில்லை என்றால் ரேகை இல்லாமல் அசல் ஆவணத்தையும் ஆளையும் நேரில் போட்டோ எடுத்துச் செய்யும் முறை இருக்கிறது, அதைக் கேளுங்கள். "ரேகை விழலை, நாளைக்கு வாங்க" என்று அனுப்பினால் கிளம்பிவிடாதீர்கள்.

பலரைக் குழப்புவது ஒன்று உண்டு. புது சிம் உயிர் பெற்ற பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. சிம் பழுது இல்லை. சிம் மாற்றி மோசடி செய்கிறவர்களைத் தடுக்க 2022இல் தொலைத்தொடர்புத் துறை போட்ட விதி. அதனால் ஓடிபி நாளைக்குத்தான். வாய்ஸ் கால் மட்டும் வரும்.

கேத்தி கேரட்
அந்த வாய்ஸ் காலே போதும், வாட்ஸ்அப்பை மீட்டுவிடலாம். அண்ணன் வேறு ஃபோனில் வாட்ஸ்அப் ஏற்றி இதே நம்பரைப் போடட்டும். எஸ்எம்எஸ் வேண்டாம், "கால் செய்" என்பதைத் தேர்ந்தெடுக்கட்டும். கோத்தகிரியில் இருக்கும் புது சிம்முக்கு ஆறு எண்ணை வாயால் சொல்லும் கால் வரும். நீங்கள் அவருக்குச் சொல்லலாம். ஆனால் மெயிலில் கேட்டால் சொல்லாதீர்கள். குரலை அடையாளம் தெரிந்தால் மட்டும். அவர் உள்ளே வந்ததும் பழைய ஃபோனில் கணக்கு தானாக வெளியேறும். அதற்குள் திருடன் புகுந்து இரண்டாம் கட்ட பின் வைத்துவிட்டால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அதனால் தாமதம் கூடாது.

சொந்தக்காரர்கள் குரூப்பில் இப்போதே ஒரு வரி போடுங்கள்: அண்ணன் பேரில் பணம் கேட்டு யார் எழுதினாலும் அனுப்ப வேண்டாம்.

டீத்தூள்
லண்டன் பக்க வேலை. அண்ணன் ரூம்மேட் லேப்டாப்பில் ஐக்ளவுட் டாட் காம் சாய்வுகோடு ஃபைண்ட் என்ற முகவரிக்குப் போகட்டும். ஆப்பிள் கணக்கில் நுழைய வழக்கமாகக் கேட்கும் ஆறு இலக்கக் குறியீடு திருடுபோன ஃபோனுக்கே போகும் என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். இந்த ஒரு பக்கத்துக்கு அந்தக் குறியீடு தேவையில்லை, பாஸ்வேர்டு போதும். உள்ளே போய் "தொலைந்ததாகக் குறி" என்பதை அழுத்தினால் ஆப்பிள் பேயில் உள்ள கார்டுகளும் நின்றுவிடும். ஃபோனைக் கணக்கில் இருந்து நீக்கவே கூடாது. நீக்கினால் ஆக்டிவேஷன் லாக் (வேறு யாரும் ஃபோனைத் தன் கணக்கில் தொடங்க விடாத பூட்டு) போய்விடும், திருடனுக்கு முழு விலை கிடைக்கும்.

டியூபுக்குள் நடந்ததால் புகார் மெட்ரோபாலிட்டன் போலீஸுக்கு இல்லை, பிரிட்டிஷ் டிரான்ஸ்போர்ட் போலீஸுக்கு. 61016க்கு மெசேஜ் அனுப்பலாம், அவர்கள் இணையதளத்திலும் பதியலாம். குற்ற எண் தருவார்கள், இன்ஷூரன்ஸ் கேட்க அது வேண்டும். அந்த ஊர் சிம் கம்பெனியிடம் சொன்னால் சிம்மோடு ஐஎம்இஐ என்ற ஃபோனின் 15 இலக்க அடையாள எண்ணையும் முடக்குவார்கள். அந்த எண் பில்லிலும் பெட்டியிலும் இருக்கும். அங்கத்திய பேங்குக்கு 159. பெரும்பாலான பேங்குகளின் மோசடிப் பிரிவுக்கு நேராக இணைக்கும்.

படுகு மண்
நம்ம மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் ஐஎம்இஐயை முடக்கிவிடலாமே?

டீத்தூள்
முடக்கினாலும் இந்திய நெட்வொர்க்கில் மட்டும்தான் செல்லும். அந்தப் படிவம் மாவட்டம், காவல் நிலையம், புகார் நகல் எல்லாம் கேட்கும். லண்டன் திருட்டை கோத்தகிரி ஸ்டேஷன் கணக்கில் எழுத முடியாது, பொய்யாக எழுதவும் கூடாது. லண்டனில் திருடுபோகும் ஃபோன்கள் நிறைய சீனாவுக்குத்தான் கடத்தப்படுகின்றன.

மூடுபனி
இந்திய பேங்க் விஷயம் விட்டுப்போனது. 1800 எண்கள் வெளிநாட்டில் இருந்து பெரும்பாலும் கிடைக்காது. கார்டின் பின்பக்கம் 91இல் தொடங்கும் எண் இருந்தால் அண்ணன் அதைக் கூப்பிட்டு யுபிஐ, மொபைல் பேங்கிங் இரண்டையும் நிறுத்தட்டும். பணம் போயிருந்தால் நீங்கள் இங்கிருந்து 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணிலும், அவர் அங்கிருந்து சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் சொல்லுங்கள். மூன்று வேலை நாளுக்குள் பேங்குக்குத் தெரிவித்துவிடுங்கள். வாடிக்கையாளர் தவறு இல்லாத மூன்றாம் ஆள் மோசடிக்கு, அந்த கெடுவுக்குள் சொன்னால் நஷ்டம் நம் தலையில் விழாது என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை சொன்னது.

குறிஞ்சிப்பூ
சிம் வாங்கியாச்சு. ஏழாவது விரலில் விழுந்தது! வாட்ஸ்அப்பும் வந்துவிட்டது. இரண்டு கேள்வி. இந்த சிம்மை கூரியரில் அனுப்பலாமா? அப்புறம், இப்போது அப்பா ஃபோனுக்கு "உங்கள் ஐஃபோன் கிடைத்தது, இருப்பிடம் பார்க்க அழுத்தவும்" என்று ஆங்கிலத்தில் மெசேஜ் வந்திருக்கிறது. ஃபோனைத் தொலைந்ததாகக் குறித்தபோது அண்ணன் அப்பா நம்பரைத்தான் தொடர்புக்குக் கொடுத்தானாம்.

டீத்தூள்
அழுத்தாதீர்கள்! அது திருட்டு கும்பல். ஃபோன் திரையில் தெரிந்த நம்பரைப் பார்த்து அனுப்புகிறார்கள். அழுத்தினால் ஆப்பிள் பக்கம் மாதிரியே ஒன்று திறந்து ஆப்பிள் பாஸ்வேர்டும் ஃபோன் பாஸ்கோடும் கேட்கும். அது கிடைத்தால்தான் லாக்கைக் கழற்ற முடியும். ஆப்பிள் இப்படி லிங்க் அனுப்பிப் பாஸ்கோடு கேட்காது. அடுத்து மிரட்டல் மெசேஜும் வரலாம், பதில் போடாமல் பிளாக் செய்யுங்கள். அப்பாவுக்கு நேரில் புரியவையுங்கள், அவர் நல்லெண்ணத்தில் அழுத்திவிடுவார்.

ஊட்டி வர்க்கி
கூரியர் வேண்டாம், ஈசிம் (அட்டை இல்லாமல் ஃபோனுக்குள்ளேயே ஏற்றும் சிம்) ஆக்குங்கள். உருவி எடுக்க முடியாது. அண்ணன் புது ஃபோனில் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அடித்தால் ஈசிம்முக்கான 32 இலக்க அடையாள எண்ணான ஈஐடி வரும். அதை வைத்து ஸ்டோரில் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஃபோனில் ஏற்ற கம்பெனி விடுகிறதா என்று முதலில் கேட்டுவிட்டு, ரோமிங்கையும் அப்போதே ஆன் செய்யச் சொல்லுங்கள். வரும் க்யூஆர் படம்தான் சிம், குடும்ப குரூப்பில் போட்டுவிடாதீர்கள். இதுவும் சிம் மாற்றம் என்பதால் மறுபடி 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிற்கும். ஃபீஸ் கட்டும் நாளைத் தள்ளி வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.